கடைசி பெஞ்ச் கிரைண்டர்

வெள்ளிக்கிழமை காலை துறைக் கூட்டத்தில் எல்லாரையும் நான் வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சாந்தாமணி போனில் கூப்பிட்டார்.

"சார், என்ற கிரைண்டரு மாஸ் பங்க் அடிச்சிருச்சுங்க."

"ஒரு கிரைண்டர் தனியா மாஸ் பங்க் அடிக்க முடியாதும்மா. அதுக்கு வகுப்பே சேந்து கட் அடிக்கணும்" என்றேன். வாத்தியார் புத்தி. தீப்பிடித்த வீட்டில் இருந்து போன் வந்தாலும் முதலில் வார்த்தையைத்தான் திருத்தும்.

"தனியா இல்லீங்க. ஊற வெக்கிற தொட்டி, கிரைண்டரு, குளிர் ரூமு, பாக்கெட் மெஷினு, நாலும் சேந்துதானுங்க. காத்தால வந்து மெயின் சுவிட்சைப் போட்டா, 'இன்னிக்கு யாரும் உள்ள போறதில்லைன்னு பேசி வெச்சிருக்கோம், நீங்களும் போயிறாதீங்க'ன்னு எனக்கே சொல்லுதுங்க. நாளான்னிக்கு விட்டு மறுநா திங்கக்கிழமைங்க சார்."

திங்கட்கிழமை என்றதும் நான் கூட்டத்தை விட்டு எழுந்தேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறைத் தலைவர். கல்லூரியின் பெயர் வேண்டாம், ஏற்கனவே சேர்க்கை குறைந்து கிடக்கிறது. சாந்தாமணி, கணபதியில் இட்லி மாவு கம்பெனி நடத்துகிறவர். நகரத்து மாணவர் விடுதிகள் அத்தனைக்கும் மாவு கொடுக்கிற வாய்ப்பு அவருக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆய்வு அதிகாரி வந்து மாவைச் சோதிப்பார். தேறினால் வேலை அவருக்கு, தேறாவிட்டால் சென்னையில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு. இதை நம்பி அவர் தெருக்கடை ஆர்டர்களைப் பாதிக்கு மேல் விட்டுவிட்டிருந்தார். கை நழுவினால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அவரும் அவரிடம் வேலை பார்க்கிற பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் எங்கள் துறை எங்கே வந்தது என்றால், எல்லா வில்லங்கமும் வருகிற வழியில்தான் வந்தது. சிறு தொழில்களுக்குத் துணை நிற்கிறோம் என்று காட்டினால் கல்லூரிக்குத் தரமதிப்பீட்டில் நல்ல பெயர். அதனால் நாங்கள் 'கைகோர்ப்பு' என்று ஒரு திட்டம் தொடங்கினோம். இப்போது மெஷின்களுக்கு மாட்டுகிற மூளைப் பெட்டிகள் வந்துவிட்டன இல்லையா, டிபன் டப்பா அளவில் ஒன்று? பெரிய கம்பெனிகள் பயிற்சி முடித்த பெட்டியாகவே வாங்கிவிடும். சாந்தாமணி மாதிரி ஆட்களுக்குக் கட்டுபடியாவது வெறும் பெட்டி மட்டும். வெறும் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. கற்றுக்கொள்கிறவர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தால் அவர்களைப் பார்த்துத் தானும் கற்றுக்கொள்ளும். இந்த ஊரில் கற்றுக்கொள்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கள் கல்லூரியில் என்று நாங்கள் நம்பினோம்.

ஒரு செமஸ்டர் பெட்டியை வகுப்பில் விடுங்கள், வெப்பவியல், உணவுப் பதப்படுத்தல் எல்லாம் படித்துத் தேறி வரும் என்று துண்டுப் பிரசுரம் அடித்தோம். முதலில் வந்தவர் சாந்தாமணி. நாலு பெட்டிகளுக்கும் ரோல் நம்பர் கொடுத்து மூன்றாம் ஆண்டு வகுப்பில் சேர்த்தோம். அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் பிளக் பாயின்ட்டைப் பின்சுவரில் மட்டும் வைத்திருந்தான். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். முன்னால் வைக்க ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினேன். மூன்று கொட்டேஷன் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொட்டேஷன் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது.

ஆக, நாலு பெட்டிகளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தன.

கணபதிக்குக் கிளம்பும்போது சுபிக்‌ஷாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் பயிற்சிக்குப் போட்டிருந்த மாணவி அவள்தான். மெக்கானிக்கல் வகுப்பில் இரண்டே பெண் பிள்ளைகள். இன்னொருத்தி முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் இருமினால்கூட எழுதிக்கொள்வாள். இவள் போனுக்குச் சார்ஜ் போட வசதி என்று கடைசி பெஞ்சுக்குப் போனவள், கொஞ்ச நாளில் அந்த பெஞ்சுக்கே தலைவியாகிவிட்டாள்.

"சார், பெட்டிங்க மேல தப்பு இருக்காது" என்றாள் வழியில்.

"பின்ன யாரு மேல?"

"அதை நான் சொல்ல முடியாது சார்."

கம்பெனியில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். சாந்தாமணி ரப்பர் ஏப்ரனோடு வாசலுக்கே வந்தார். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறார். நான் நேராகக் கிரைண்டரிடம் போனேன். ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய கிரைண்டர், தரையோடு போல்ட் போட்டு முறுக்கியது.

"ஏன் ஓடல?"

"பஸ் வரலைங்க சார்" என்றது கிரைண்டர்.

"உனக்கு எதுக்குடா பஸ்?"

பக்கத்தில் இருந்த ஊறல் தொட்டி மெதுவாகச் சொன்னது. "சார், அவனுக்கு உடம்பு சரியில்லைங்க சார். எனக்கும்தான்."

சாந்தாமணி ஒரு பாக்கெட்டைப் பிரித்து என் கையில் ஊற்றினார். மாவு தண்ணீர் மாதிரி ஓடியது. "போன வாரத்து மாவுங்க இது. இதுல உளுந்தே இல்லீங்க சார். அரிசி இருக்குது, வெந்தயம் இருக்குது, உப்பு இருக்குது, தண்ணி இருக்குது. உளுந்தைக் காணோம்."

"உளுந்து எங்க?" என்று கிரைண்டரைக் கேட்டேன்.

"சாய்ஸ்ல விட்டுட்டேன் சார்."

"என்னது?"

"அஞ்சு யூனிட்ல நாலு படிச்சா போதும் சார். உளுந்து பெரிய யூனிட். ரொம்ப நேரம் அரைக்கணும். அதான் விட்டுட்டேன்."

சுபிக்‌ஷா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என் வெப்பவியலில் இரண்டாம் யூனிட்டைத் தொட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வகுப்பில் செய்கிற காரியத்தை அங்கேயும் செய்தேன், வருகை எடுத்தேன். எங்கள் கல்லூரியில் கைரேகை, முகம், கண் என்று எல்லா மெஷினையும் வைத்துப் பார்த்தோம். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டார்கள். கடைசியில் பழையபடி வாயால் பெயர் கூப்பிடுகிற முறைக்கே வந்துவிட்டோம்.

"ஊறல் தொட்டி."

"பிரசன்ட் சார்."

"கிரைண்டர்."

"பிரசன்ட் சார்."

"குளிர் ரூம்."

"பிரசன்ட் சார்." குரல் மெலிசாக இருந்தது. ஆனால் வந்தது கிரைண்டரிடம் இருந்து.

நான் போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே சமையல்கட்டு மாதிரி வெக்கை. பாக்கெட்டுகள் உப்பிப்போய் இப்பவோ அப்பவோ என்று நின்றன. மூலையில் பெட்டி விளக்கில்லாமல் கிடந்தது. சுபிக்‌ஷா குனிந்து பார்த்து, "பெருச்சாளி வயரைக் கடிச்சிருக்கு சார். இந்தப் பெட்டி செத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். வெளியே மானிட்டரில் குளிர் அறையின் வெப்பநிலை நாலு டிகிரி என்று அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த நாலு டிகிரியை யார் போட்டது?"

யாரும் பேசவில்லை. இந்த மௌனத்தை முப்பது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பாக்கெட் மெஷின் வாயைத் திறந்தது. "சார், அவன் நல்ல பையன் சார். அட்டெண்டன்ஸ் குறைஞ்சா அவனைத் தூக்கிருவாங்கன்னுதான் நாங்க மாத்தி மாத்தி அவனுக்கு ப்ராக்ஸி குடுத்தோம்."

சாந்தாமணி அங்கேயே ஒரு மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு கடைக்காரரும் போன் பண்ணி, மாவு புளிச்சுப் பொங்குதுன்னு திட்டுனாங்க. என்ற கைராசி போயிருச்சுன்னு நெனச்சு, கோயிலுக்கெல்லாம் போயிட்டு வந்தேனுங்க சார். இதுக படிக்கத்தானுங்களே வந்துச்சு? இதெல்லாமா பாடத்துல இருக்குது?"

"பாடத்துல இல்லம்மா. பெட்டி பாடத்தைப் படிக்காது. பக்கத்துல இருக்கறவங்களைப் படிக்கும்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

சுபிக்‌ஷா துப்பட்டாவின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"செரி, அழிச்சுப் போட்டு வேற ஏத்திருங்க."

"அழிச்சா வெறும் பெட்டி. மறுபடி ஒரு செமஸ்டர் உக்காரணும்."

"அப்பக் கையிலயே ஓட்டிக்கறோம். திங்கக்கிழமை போகட்டும்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கை சுவிட்சுகளை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, இனி எல்லாம் தானியங்கி என்று ரிப்பன் வெட்டியது எங்கள் துறை. கழற்றிய சுவிட்சுகளை ஒரு தட்டில் அடுக்கிப் படம் எடுத்தோம். அந்தப் படம் இன்னும் எங்கள் வராந்தாவில் மாட்டியிருக்கிறது, நான் நடுவில் நின்று சிரிக்கிறேன்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது வாத்தியார்கள் செய்வதை நான் செய்தேன். குரலை உயர்த்தினேன்.

"நாளைக்கு நாலு பேரும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வந்து என்னைப் பாக்கறீங்க. இல்லைன்னா ஒருத்தனும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் நான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. ஆனால் பெட்டிகளுக்கு அது வேறு மாதிரி உறைத்துவிட்டது. ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கடைசி பெஞ்ச் நடுங்குவதை அவை பார்த்திருக்கின்றன. விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் மங்கின.

"சார், வீட்டுக்கு வேண்டாம் சார்" என்றது கிரைண்டர். "ப்ளீஸ் சார். வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க சார்."

"முடியாது."

கொஞ்ச நேரத்தில் சாந்தாமணியின் ஏப்ரன் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்ற கிரைண்டரின் குரல் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. "அம்மா, பதட்டப்படாதீங்க. ஒண்ணுமில்ல. எச்.ஓ.டி. சார் நாளைக்கு உங்களை வரச் சொன்னாரு. சும்மா பேசணுமாம்."

"செரி கண்ணு" என்று சொல்லி சாந்தாமணி போனை வைத்தார். பிறகு திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"பெட்டி வாங்குன பில்லுல உங்க பேருதானே அக்கா இருக்கு" என்றாள் சுபிக்‌ஷா. "அதுகளுக்குத் தெரிஞ்ச அம்மா நீங்கதான்."

சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். கையில் ஒரு ஒயர் கூடை, அதில் துணி சுற்றிய நாலு பெட்டிகள். குளிர் அறைப் பெட்டிக்கு வேறு வயர் போட்டு உயிர் வந்திருந்தது. என் அறைக்கு வெளியே பெற்றோர் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளை செய்த காரியத்துக்குத் திட்டு வாங்க வந்த இன்னொரு அப்பாவும் அங்கே இருந்தார். கதவு சாத்தாததால் பேச்சு காதில் விழுந்தது.

"உங்க பையன் என்னங்க படிக்கிறான்?" என்று அந்த அப்பா கேட்டார்.

"கிரைண்டருங்க."

"அதுக்குத்தான் இப்ப நல்ல ஸ்கோப்புங்கறாங்க. நான் சொன்னா எங்க கேட்டான்? சிவில்தான் வேணும்னுட்டான்."

உள்ளே வந்ததும் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கூடையை என் மேஜை மேல் வைத்து, பெட்டிகளின் வயரைப் பிளக்கில் சொருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் பழக்க தோஷத்தில் தொடங்கிவிட்டேன். வருகை சரியில்லை, பொய் சொல்கிறார்கள், ஒருத்தனை ஒருத்தன் காப்பாற்றுகிறார்கள், இப்படியே போனால் வாழ்க்கை வீணாகிவிடும் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிற அதே பேச்சு.

அவரும் எல்லாப் பெற்றோரும் சொல்கிற அதே பதிலைச் சொன்னார். "என்ற புள்ளைக நல்ல புள்ளைகதானுங்க சார். சேர்க்கை செரியில்லீங்க."

"அக்கா, அந்தச் சேர்க்கை நான்தான்" என்றாள் ஓரமாக நின்ற சுபிக்‌ஷா.

சாந்தாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு எடுத்தேனுங்க நானு. பாலிடெக்னிக்குல மெக்கானிக்கலுக்கு எடமும் கெடச்சுது. பொட்டப் புள்ளை ஸ்பேனரைப் புடிச்சுட்டு என்ன பண்ணப் போறான்னு எங்கய்யன் அனுப்பலீங்க. கண்ணாலம் பண்ணி வெச்சுட்டாங்க. அப்பறம் வீடு, மாவு, அது பாட்டுக்குப் போயிருச்சு. இந்த கேட்டைத் தாண்டி நான் உள்ள வந்தது இன்னிக்குத்தானுங்க. பொட்டிகளை விட வந்தப்பக்கூட வாட்ச்மேன் கையில குடுத்துட்டு அப்பிடியே திரும்பிட்டேன். உள்ள வர கூச்சம். நாந்தான் போக முடியல, என்ற கிரைண்டராச்சும் காலேஜ் போகட்டுமேன்னு அனுப்பி வெச்சேனுங்க. அதுக இப்பிடிப் பண்ணிட்டு வந்து நிக்குது."

சொல்லிவிட்டு அழுதார். சத்தம் வராமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என் அறையில் எத்தனையோ தாய்மார்கள் அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்ல எனக்கு வசனம் உண்டு. அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கூடைக்குள் இருந்து ஊறல் தொட்டியின் குரல் வந்தது. "அம்மா, அழாதீங்கம்மா."

பிறகு நாலும் ஒன்றாகச் சொன்னன. "இனிமே இப்படி நடக்காது சார்."

இந்த வாக்கியத்தையும் முப்பது வருடமாகக் கேட்கிறேன். ஒரு தடவைகூட நம்பியதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் வேறு போக்கிடம் இல்லாததால் மன்னித்துவிட்டேன்.

"மன்னிச்சா மட்டும் மாவு வந்துருமா?" என்று சுபிக்‌ஷாவிடம் கேட்டேன். "நாளை மறுநா காலையில ஆய்வு."

"ஒரு நாள் இருக்கே சார்" என்றாள். "கடைசி பெஞ்ச் என்னிக்கு சார் செமஸ்டர் பூரா படிச்சுது? முந்தின நாள்தான் படிக்கும். நீங்க வேணும்னா வந்து பாருங்க. ஆனா உள்ள வரக் கூடாது. வாத்தியாரைப் பாத்தா மறந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கம்பெனி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு துறைத் தலைவர் அப்படி நிற்பது அழகில்லைதான். உள்ளே சுபிக்‌ஷா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின்களைச் சுற்றிப் பெண்கள் ஈர அரிசியும் உளுந்துமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"உளுந்து கம்பல்சரிடா. சாய்ஸே கிடையாது. எவ்வளவு நேரம் ஊறணும், சொல்லு."

"இது வருமாக்கா?" என்று தொட்டி கேட்டது.

"கண்டிப்பா வரும். போன வருசமும் வந்துச்சு."

"குளிர் ரூமு வருமா?"

"அது அஞ்சு மார்க்குல வராது, பதினாறு மார்க்குல வரும். அவனை ஒழுங்காப் பாத்துக்கங்க."

ஒரு செமஸ்டர் முழுக்க நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் ஏறாதது அன்று மதியம் ஏறிக்கொண்டிருந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டே தொட்டியிடம் கேள்வி கேட்டது. தொட்டிக்குத் தெரியாததைப் பாக்கெட் மெஷின் சொல்லிக்கொடுத்தது. ஒன்று தடுமாறினால் மற்ற மூன்றும் நின்று காத்திருந்தன. முதல் பெஞ்சில் இப்படி நான் பார்த்ததே இல்லை. அங்கே பக்கத்து ஆள் பார்த்துவிடாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு எழுதுவார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்கவே சிரிக்காத மனிதர். தன் கைப்பையைத் திறந்து குழாய்களையும் தாள்களையும் பரப்பினார். புளிப்பு, மென்மை, குளிர்ச்சி, எடை என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மதிப்பெண், தேற ஐம்பது வேண்டும். சாந்தாமணி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அவருடைய பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள். மெஷின்கள் மூச்சுவிடாமல் இருந்தன என்று சொல்வேன், மூச்சு இருந்தால்.

அதிகாரி புளிப்பைப் பார்த்தார். ஐம்பது. மென்மையைப் பார்த்தார். ஐம்பது. நெற்றியைச் சுருக்கினார். குளிர்ச்சி ஐம்பது, எடை ஐம்பது. கருவியில் கோளாறு என்று நினைத்து வேறு பாக்கெட்டில் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். அதே ஐம்பது.

"என்னோட சர்வீஸ்ல இப்படி ஒரு மாவைப் பாத்ததில்லை" என்றார். இட்லி வேகவைத்துக் கொடுத்தார்கள். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "சாப்பிடலாம். நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. நல்லா இல்லைன்னும் சொல்ல முடியாது. தேறியாச்சும்மா."

சாந்தாமணி கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். நான் சுபிக்‌ஷாவை ஓரமாகக் கூப்பிட்டு, "அது என்ன எல்லாத்துலயும் ஐம்பது?" என்று கேட்டேன்.

"பாஸ் மார்க் ஐம்பதுதானே சார்? ஐம்பத்தொண்ணு வாங்கினா அந்த ஒண்ணு வேஸ்ட்."

அதிகாரி போன பிறகு சாந்தாமணி கிரைண்டரிடம் போய் அதன் உடம்பைத் துணியால் துடைத்துவிட்டார். "நீ மனசு வெச்சா நூறு வாங்குவே கண்ணு. எனக்குத் தெரியும்" என்றார்.

"அடுத்த தடவை பாருங்கம்மா" என்றது கிரைண்டர்.

அடுத்த செமஸ்டரில் பெட்டிகளை வாரம் ஒரு நாள் நடக்கிற என் வகுப்புக்கு அனுப்பச் சொன்னேன். கம்பெனிக்கு அன்றைக்கு வாராந்திர விடுமுறை. வெப்பவியலில் விட்ட பாகத்தை எல்லாம் அரியர் மாதிரி முடிக்கட்டும் என்று என் எண்ணம். இந்தத் தடவை நிர்வாகத்திடம் கேட்கவில்லை, நானே காந்திபுரத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து நாலையும் முதல் பெஞ்சில் வைத்தேன். கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினால் நாலும் கடைசி பெஞ்சில் இருந்தன. யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். வகுப்பே ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. விட்டுவிட்டேன்.

வருகை எடுத்தேன். டேப்லெட்டில் வருகிற பெயர்களைத் தலை நிமிராமல் வாசிப்பது என் வழக்கம். சஞ்சய், பிரசன்ட் சார். சண்முகவேல், பிரசன்ட் சார். அடுத்த பெயரையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டேன்.

"சாந்தாமணி."

"பிரசன்டுங்க சார்."

அவருடைய குரல்தான். அந்த இழுவை, அந்த 'ங்க' எல்லாம் அப்படியே இருந்தது. நான் தலையைத் தூக்கினேன். கடைசி பெஞ்சில் சுபிக்‌ஷாவும் மூன்று பையன்களும் நாலு பெட்டிகளும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

ப்ராக்ஸி என்றால் எனக்கு ஆகாது. அதற்காகப் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன், பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தியிருக்கிறேன். வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது.

"இந்தப் பேரை உள்ள சேத்தது யாரு?"

"நாங்கதானுங்க சார்" என்றது கிரைண்டர், இப்போது தன் சொந்தக் குரலில். "எங்களுக்கு ரோல் நம்பர் இருக்கறதால காலேஜ் கம்ப்யூட்டருக்குள்ள போக முடிஞ்சுது. அம்மாவுக்கு லீவு நாள்லயும் மாவு லோடு அனுப்பணும், அவங்களால வாராவாரம் வர முடியாது. பரீட்சை எழுத எழுபத்தஞ்சு சதவீதம் வருகை வேணுமில்லீங்க சார்? அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம்."

"பரீட்சையையும் நீங்களே எழுதிருவீங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார். அது தப்பு. பரீட்சைக்கு அவங்கதான் வருவாங்க. முந்தின நாள் நாங்க நாலு பேரும் உக்காந்து சொல்லிக்குடுத்துருவோம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கூடையோடு நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுத முகம் கண்முன் வந்தது. அந்தப் பெயருக்கு நேராக வருகை போட்டேன்.

"சுபிக்‌ஷா" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.